அம்மா செத்த பாட்டில் எதற்கு அரசியல்?

காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா பையன் தன் காதில் இருந்த இயர்போன் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்து, "மாமா, ஒரு ஆல்பம் சாங் கேளேன்" என்றான். யாரோ ஒரு பையன், செத்துப்போன தன் அம்மாவைப் பற்றிப் பாடுகிறான். மூன்றாவது சரணத்தில் தண்ணீர் லாரி வருகிறது. அப்புறம் கவுன்சிலர் வருகிறார். இன்னொரு இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய நண்பன் முகத்தைச் சுளித்தான். "அம்மா செத்த பாட்டுல இன்னாத்துக்குடா அரசியலு? நல்லாத்தான போய்க்கினு இருந்துச்சி."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆல்பம், இண்டி, அரசியல் என்ற மூன்று சொற்களையும் நாம் நாள் முழுக்கப் புழங்குகிறோம். மூன்றையும் கொஞ்சம் கோணலாகத்தான் புரிந்துவைத்திருக்கிறோம். பாட்டுத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதவில்லை. கேட்க மட்டும் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்யாண ஆல்பத்தில் இருந்து தொடங்கலாம்

நம் ஊரில் 'ஆல்பம் சாங்' என்றால் சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டு, கூடவே ஒரு வீடியோ. வழக்கு அப்படி ஆகிவிட்டது, அதோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் ஆல்பம் என்ற சொல் முதலில் ஒரு தொகுப்பைத்தான் குறித்தது.

கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபர் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளுகிறார். ஆல்பத்தில் ஏறுவது சில நூறுதான். பந்தக்கால் நடுவது முதல் பக்கத்தில், மறுவீடு கடைசிப் பக்கத்தில். பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கும் படம் தாரை வார்ப்பதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். அதே படத்தைப் பந்திக்குப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், ரசம் காரம் போல என்று நினைத்துவிட்டுப் புரட்டிவிடுவார்கள். படம் அதேதான், அர்த்தத்தை மாற்றியது பக்கத்தில் இருந்த படம்.

பாட்டுக்கு இந்தப் பெயர் வந்ததும் போட்டோ ஆல்பத்தில் இருந்துதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசையை விற்க வேண்டுமென்றால் நாலைந்து தட்டுகளைத் தடித்த அட்டைக்குள் உறை உறையாகச் செருகி, புத்தகம் போல் கட்டி விற்றார்கள். பார்ப்பதற்குப் போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கொண்டதால் கட்டு தேவைப்படவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நமக்கு இந்தப் பழக்கம் ஊன்றாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. கேசட்டில் வந்த ஐந்தாறு பாட்டையும் கோத்துக் கொடுக்கும் வேலையைப் படத்தின் கதையே செய்துவிட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன உறவு என்று நாம் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆக, ஒருவர் வேண்டுமென்றே வரிசைப்படுத்திக் கொடுத்த பாட்டுகளின் கட்டுதான் ஆல்பம். அதில் ஐந்தாவது பாட்டின் அர்த்தத்தில் பாதி நாலாவது பாட்டில் இருக்கும்.

இண்டி: ஒரு பீடிக் கணக்கு

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போனால், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இலை, தூள், நூல் எல்லாம் கம்பெனி கொடுப்பது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றியது அவர் விரல், கட்டின் மேல் ஒட்டும் லேபிளோ கம்பெனியுடையது. பீடி அவருடையது இல்லை.

சினிமாப் பாட்டும் பெரும்பாலும் இப்படித்தான். பணம் போடுபவர் தயாரிப்பாளர். பதிவான பாட்டு அவருக்கோ ஆடியோ கம்பெனிக்கோ போய்விடும். அந்தப் பதிவுக்குப் பெயர் மாஸ்டர். எல்லாப் பிரதிகளும் எதில் இருந்து எடுக்கப்படுகின்றனவோ, அந்த மூலப் பதிவு. (ஆம்பூரில் மாஸ்டர் என்றால் பிரியாணி மாஸ்டர். இது வேறு.)

பிரியாணி என்றதும் ஒன்று சொல்ல வசதியாக இருக்கிறது. பக்குவம் வேறு, இன்றைக்கு இறக்கிய தேக்சா, அதாவது அந்தப் பெரிய பாத்திரத்துப் பிரியாணி, வேறு. பாட்டின் வரியும் மெட்டும் பக்குவம், மாஸ்டர்தான் தேக்சா. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவற்றைத் தனித்தனிச் சொத்தாகத்தான் பார்க்கிறது. எழுதியவர் உரிமை அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நிற்கும். பதிவின் உரிமை வெளியானதில் இருந்து 60 ஆண்டு.

இலையும் நூலும் தானே வாங்கி, தானே சுற்றி, தன் லேபிளை ஒட்டி விற்றால் அது இண்டி. இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். கிட்டாரும் கரகரத்த குரலும் இருந்தால் இண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பறையோடு பாடினாலும் இண்டிதான், நாற்பது வயலினோடு பாடினாலும் இண்டிதான். அது ஓசையின் பெயர் இல்லை, யார் கையில் பிடி இருக்கிறது என்பதன் பெயர். அக்கா பையன் கேட்ட பாட்டில் அந்த மூன்றாவது சரணம் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "கவுன்சிலர் வேண்டாம் தம்பி, எடுத்துடலாம்" என்று சொல்ல நடுவில் ஆள் இல்லை.

யார் அந்த 'நான்'?

சினிமாப் பாட்டில் 'நான்' என்று வந்தால் அது கதாநாயகன். எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடுபவரிடம் வரும்போது நாம் சட்டென்று அந்த 'நான்' அவரேதான் என்று எடுத்துக்கொள்கிறோம். பாதி சரி. அம்மா இறந்தது உண்மையாக இருக்கலாம். பாட்டில் வரும் மழை அன்று பெய்யாமல் இருந்திருக்கலாம். அது டைரி இல்லை.

அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரும் ஊரும் புறத்துக்கு உரியவை. சொந்தச் சாவில் தொடங்கி அரசியலுக்குப் போகும், நாம் பேசும் வகை ஆல்பம் இந்த வேலியைத் தாண்டுகிறது. அழுவது அகம், ஆனால் பெயர் சொல்லி அழுகிறது. நண்பனுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பெயர் சொல்லி அழுவது அவன் ஊரிலும் உண்டு.

பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு சாவு

பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் எங்கள் அத்தை ஊர். பெரியப்பாவும் அங்கேதான் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. கடைசி இரண்டு வருடம் மூச்சிரைப்பு. அவர் இறந்த அன்று வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சு மேல் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அத்தைதான் எடுத்துக் கொடுத்தார்.

முதலில் பெருமை. அண்ணன் நடந்தால் எப்படி, சிரித்தால் எப்படி, தங்கை கல்யாணத்துக்கு என்ன செய்தார். அப்புறம் தன் நிலைமை. இனி யார் வீட்டுக்கு ஆடிக்குப் போவேன், யார் எனக்குச் சீர் கொண்டுவருவார். இடையில் ஆறும் வந்தது.

"பாலாத்து ஊத்துல
பானை மொண்ட ராசாவே
ஊத்தும் வத்திப் போச்சே – உன்
மூச்சும் நின்னு போச்சே"

ஊற்றும் மூச்சும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. நான் அதைக் கவனித்தது பல வருடம் கழித்துத்தான். அந்த நேரத்தில் கவனித்தது வேறு. டேனரியில் இருந்து மேஸ்திரி பெரிய ரோஜா மாலையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்தார். அத்தை அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியப்பா முகத்தைப் பார்த்துத்தான் பாடினார்.

"மாலைக்குக் காசிருக்குது மவராசன் வூட்டுல
மாத்திரைக்குக் காசில்லியே மயங்கி நீ வுழுந்தப்போ"

வட்டத்தில் மற்றவர்கள் "ஆமாண்டி ஆமா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி மாலையைப் போட்டுவிட்டு, கும்பிட்டும் கும்பிடாமலும் நடையைக் கட்டினார். இதை எங்கள் பக்கம் சாடை பேசுவது என்பார்கள். ஆளைப் பார்க்காமல், ஆளுக்குத் தைக்கிற மாதிரி சொல்வது. ஒப்பாரியில் எதற்கு அரசியல் என்று அத்தையிடம் ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் அழுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு என்று ஊருக்கே தெரியும்.

பெருமை, தன் நிலைமை, புகார். ஒப்பாரியின் இந்த மூன்று படிக்கட்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்துக்கும் இதுவேதான் ஏணி.

அரசியல் என்றால் மைக் கட்டிய ஆட்டோ இல்லை

அரசியல் பாட்டு என்றதும் தேர்தல் சமயத்தில் ஆட்டோவில் அலறுமே, அது ஞாபகம் வரும். அது கட்சிப் பாட்டு. இங்கே அரசியல் என்பது அதைவிடச் சின்ன விஷயம், அதைவிடப் பழைய விஷயமும்கூட. யார் முடிவெடுக்கிறார், யாருக்கு லாபம், யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்வி.

2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் ஒரு தொட்டியின் சுவர் இரவில் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்கள். அங்கே ஒரு வீட்டில் ஒரு தாய் வங்காள மொழியில் என்னவென்று அழுதிருப்பாள்? 'என் மகனே' என்று அழுதால் சொந்தத் துக்கம். 'ஏன் அங்கே படுத்தாய்?' என்று கேட்டுவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். அவள் விஷயத்தை மாற்றவில்லை, அடுத்த கேள்வியைத்தான் கேட்டாள்.

ஒரு குடம் தெருவுக்குப் போகிறது

சரி, இப்போது உண்மையான இயந்திரத்துக்கு வருவோம். பாட்டில் இது எப்படி நடக்கிறது? வேலூரில் ஒரு பெண், அம்மாவை இழந்தவர், எட்டுப் பாட்டில் ஓர் ஆல்பம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பாட்டில் அம்மாவின் இடுப்பில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். குடம் உரசி உரசிப் புடவையில் ஒரே இடத்தில் நைந்துபோன திட்டு. மூன்றாவது பாட்டில் அம்மா இல்லை, அதே குடம் சமையல்கட்டு மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாவதில் மகள் அதைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகிறாள். அங்கே நாற்பது குடம் வரிசையில் நிற்கிறது. ஆறாவது பாட்டில் ஆறு, மணல் வண்டி, நுரைத்த வாய்க்கால்.

ஐந்து பாட்டு வரைக்கும் அரசியல் என்று ஒரு சொல் இல்லை. குடம் வீட்டுக்குள் இருந்து தெருவுக்கு நடந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். பின்னாலேயே நீங்களும் போய்விட்டீர்கள். திரும்பத் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதல் பாரம் சுமக்கும் இப்படிப்பட்ட பொருளை மீள்படிமம் என்று சொல்லலாம். அம்மா ஏன் அவ்வளவு தூரம் நடந்தாள் என்று அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டால், அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகும். பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளும் நிலமும் டேனரிக் கழிவால் கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் நம் ஊர்ப் பெயரோடு படிக்கும் தீர்ப்பு அது. பாட்டில் தீர்ப்பைச் சொல்லத் தேவையில்லை. குடத்தைச் சரியாக வைத்தால் போதும்.

நாங்களா, நாமா?

இரண்டாவது கருவி நம் மொழியிலேயே இருக்கிறது, பலருக்கு இல்லாத வசதி. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'நாங்கள்' என்றால் கேட்கிற உங்களை விட்டுவிட்டு நாங்கள். 'நாம்' என்றால் உங்களையும் சேர்த்து. இலக்கணத்தில் இந்த இரண்டாவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள்.

நம் கற்பனை ஆல்பத்தில் முதல் நாலு பாட்டும் 'நான்'. குழாயடியில் 'நாங்கள்'. இப்போது கேட்பவர் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார். கடைசிப் பாட்டில் ஒரே ஒரு இடத்தில் 'நாம்' என்று வருகிறது. முதுகில் யாரோ தட்டியது போல இருக்கும். முதல் பாட்டிலேயே 'நாம்' என்று தொடங்கியிருந்தால் அது மேடைப் பேச்சாக முடிந்திருக்கும்.

இது புதிதும் இல்லை. புறநானூற்றில் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, மொத்தமே ஐந்து வரி. போன மாதத்து அந்த நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் வேந்தர்கள் குன்றையும் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. ஒரு சாவு, ஒரு படையெடுப்பு, இரண்டுக்கும் ஒரே நிலா. அதில் அந்தப் பெண்கள் சொல்வது 'யாம்'. நம் 'நாங்கள்'. கேட்பவனை உள்ளே விடாத 'நாங்கள்'.

மூன்றாவது கருவி ஓசை. எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும் என்று தீர்மானிப்பதை அரேஞ்ச்மெண்ட் என்கிறார்கள். நாலு பாட்டுக்கு ஒற்றைக் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும், ஐந்தாவதில் பறை. சாவு வீட்டில் கேட்ட அதே பறையை இன்று ஆர்ப்பாட்டத்திலும் கேட்கிறோம். அது நுழைந்தவுடன் எது துக்கம், எது கோபம் என்று காதுக்குப் பிரிக்கத் தெரியாது.

உண்மையான இரண்டு பேர்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஃபில் எல்வெரம், மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடுபவர். 2016இல் அவர் மனைவி ஜெனிவீவ் காஸ்த்ரே புற்றுநோயில் இறந்தார். மனைவி இறந்த அறையிலேயே, பெரும்பாலும் மனைவியின் வாத்தியங்களை வைத்தே, எல்வெரம் பதிவு செய்த ஆல்பம் 2017இல் வந்தது. அதில் அரசியல் இல்லை. வீடு, குழந்தை, தபாலில் வரும் பொருள், அவ்வளவுதான். 2024இல் வந்த 'நைட் பேலஸ்' 26 பாட்டுள்ள பெரிய கட்டு. அதில் அவர் தன் வீடு நிற்கும் நிலம் முன்பு யாருடையது, யாரிடம் இருந்து பிடுங்கியது என்று கேட்கிறார். ஒரே மனிதர்தான், ஒப்பாரியின் இரண்டாவது படிக்கட்டில் இருந்து மூன்றாவதுக்கு ஏற ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொருவர் நம் பக்கத்து ஆள். அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு. (2019 வரை அரக்கோணம் வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை.) அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தப் பாட்டியின் பெயரைத் தாங்கித்தான் 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஆல்பம் வந்தது. இங்கே இழப்பு என்பது சாவு மட்டும் இல்லை, உழைத்தும் சொந்தமாகாத நிலம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றது. தேயிலைச் செடியைப் பெயர்த்து நடுவது மாதிரி ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் பாட்டியைப் பற்றிப் பாட உட்கார்ந்தால், அரசியலை எந்த வரியில் விட்டுவிட்டுப் பாடுவது?

எங்கே சொதப்பும்

எல்லாமே நன்றாக அமைந்துவிடாது. செத்தவரை முதல் சரணத்தில் மட்டும் காட்டிவிட்டு, மீதியைக் கோஷத்தால் நிரப்பும் பாட்டுகள் நிறைய வருகின்றன. எனக்கு ஒரு சோதனை உண்டு. பாட்டில் இருந்து அந்த இறந்த ஆளை எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்ப்பேன். பாட்டு ஒன்றும் ஆகாமல் நின்றால், அந்தச் சாவு வெறும் மாலை. மேஸ்திரி கொண்டுவந்த மாலை மாதிரி. குடத்தை எடுத்தால் நம் கற்பனை ஆல்பம் நிற்காது, அத்தையின் பாட்டில் மாத்திரையை எடுத்தால் அது நிற்காது.

காட்பாடியில் அந்தப் பையன்களிடம் இதில் கால்வாசிகூட நான் சொல்லவில்லை, ரயில் வந்துவிட்டது. ஆனால் அக்கா பையனுக்கு ஒப்பாரி விஷயம் மட்டும் பிடித்துவிட்டது. போன மாதம் பள்ளிகொண்டாவுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், அத்தையிடம் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லியிருக்கிறான். சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று அத்தை முதலில் திட்டியிருக்கிறார். அப்புறம் மனசு கேட்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் தாண்டி, வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். பெருமை பாடினார். ஆடிச் சீர் பாடினார். பாலாற்று ஊற்று பாடினார். அங்கே நிறுத்திவிட்டு, "செல்ல ஆப் பண்ணிட்டியாடா?" என்று கேட்டிருக்கிறார். அவன் ஆஃப் பண்ணிக் காட்டினான். அப்புறம்தான் மாலையும் மாத்திரையும்.

அவன் எனக்கு அனுப்பிய பதிவு 1 நிமிடம் 40 நொடி. கடைசியில் ஒரு காக்கா கத்துகிறது, அத்தையின் அந்தக் கேள்வி கேட்கிறது, முடிந்துவிடுகிறது.